பதில் போடாதவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு என் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அப்போது யாரோ ஒருவருடைய கோர்ட்டு காகிதங்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. அது ஆறுகிற நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அன்புள்ள ஓசிப் பேப்பர், உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. உங்கள் அளவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த வாரம் வந்தால் தையல் கூலியில் சலுகை உண்டு. செய்திகள் வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்று அனுப்பவும். அன்புடன், உங்கள் தையல் கடை."

கீழே ஒரு கத்தரிக்கோல் படம், ஒரு சிவப்பு இதயம்.

மூன்று முறை படித்தேன். தையல் கடை எங்கேயோ இல்லை, என் கடைக்கு அடுத்த கடை. நடுவில் ஒரே ஒரு சுவர். பதினான்கு வருடமாகக் காலையில் அங்கே போய் அவர்கள் வாங்கும் செய்தித்தாளைப் படித்துவிட்டுத்தான் என் ஷட்டரைத் தூக்குகிறேன். பத்து நிமிஷம் ஆகும். படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன், ஒரு பக்கம் கசங்காது. அதற்கு இப்படி ஒரு பேரா? சிரித்த முகமாகப் பேப்பரை எடுத்து நீட்டிய மனுஷன் என்னை இப்படித்தான் போனில் எழுதி வைத்திருக்கிறாரா? இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். முன்னறை கடை, பின்னறை வீடு. டெய்லரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெண்கள் உடுப்பும் அலுவலக உடுப்பும் தைப்பாள். எந்தத் துணியையும் தண்ணீரில் முக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டும் மேசையில் விரிப்பாள். சுருங்குவதெல்லாம் என் வீட்டிலேயே சுருங்கட்டும், கஸ்டமர் உடம்பில் சுருங்க வேண்டாம் என்பாள். மழைக்காலத்தில் அந்தத் துணிகள் காயாமல் பின்னறை முழுக்கத் தொங்கும். ஈரத்துக்குள் குனிந்து குனிந்து போய்த்தான் சாப்பிட உட்காருவார்கள்.

அவள் புருஷனைத் தெருவில் பட்டன் என்போம். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார், காஜா எடுக்கிறார், போனில் பேசுகிறார். ஆளுடைய பேர் அவர் மண்டையில் நிற்காது. பட்டப்பேர் மட்டும் ஒரே பார்வையில் பிறந்துவிடும். கடைப் போனில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் நம்பரில் உருப்படியான பேர் பத்துகூட இருக்காது. விக்கு வாத்தியார், மூணு தாடை, முதுகு சொறி, அழுமூஞ்சி மாப்பிள்ளை, ரெண்டாம் தாரம் என்றுதான் பதிவு. மதியம் சாப்பிடும்போது அன்றைக்கு வைத்த புதுப் பேரைச் சொல்லுவார். டெய்லரம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொள்வாள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சிரித்திருக்கிறேன். எனக்கும் ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரண்டு வருடம் முன்னால் தெருமுனையில் ஒரு ஏசி கடை வந்தது. போனிலேயே துணியைக் காட்டுவார்கள், போனிலேயே அளவைக் கேட்பார்கள், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். தையல் மட்டம். டெய்லரம்மா ஒரு சட்டையைப் பிரித்து எனக்கே காட்டினாள், உள்தையலுக்குத் துணியே விடவில்லை. ஆனாலும் கூட்டம் அங்கேதான். இங்கே மெஷின் இரண்டு, ஓடுவது ஒன்று என்றாகிவிட்டது. வங்கி மேனேஜரம்மா வருடா வருடம் தன் அலுவலகத்துப் பெண்கள் நாற்பத்தாறு பேருக்கும் கொடுக்கும் யூனிஃபார்ம் வேலை ஒன்றுதான் மிச்சம். அது இருக்கிறவரை கடை இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

மகள் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி மூடியதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, போனிலேயே ஆறு வாரப் படிப்பு ஒன்று படித்தாள். சிறு வியாபாரத்துக்கு வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பது என்று ஒரு சார் பாடம் நடத்தினாராம். படித்து முடித்த மறுநாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள்.

"புது ஆளைத் தேடி ஓடுறதை விட்டுடணும்மா. வந்துட்டுப் போனவங்களைத் திருப்பிக் கூப்பிடணும். அதுதான் செலவு கம்மி, பலன் ஜாஸ்தி."

"கூப்பிட்டா வந்துருவாங்களா? நான் என்ன தினமும் கதவையா சாத்தி வச்சிருக்கேன்?" என்றாள் டெய்லரம்மா. சாக்பீஸைக் காதில் செருகியிருந்தாள்.

"சும்மா கூப்பிட்டா வரமாட்டாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடணும். ஊருக்கெல்லாம் ஒரே மெசேஜ் அனுப்பினா எவனும் பாக்கமாட்டான். அன்புள்ள இன்னார்னு பேரோட போனா உருகிடுவாங்க. சார் சொன்னாரு."

"உன் சார் எந்தக் கடை வச்சு நடத்துறாராம்?" என்றார் பட்டன்.

"அவரு கடை வைக்கலப்பா. கடை வைக்கிறவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறாரு."

"அது நல்ல தொழிலா இருக்கே. நானும் லாரி ஓட்டாம, ஓட்டுறவனுக்குச் சொல்லிக்குடுத்திருந்தா இடுப்பு தப்பிச்சிருக்கும்."

"விளையாடாதீங்கப்பா. கடைப் போனைக் குடுங்க. அதுல இருக்கிற நம்பரை எல்லாம் மெசேஜ் அனுப்புற ஆன்லைன் மெஷின்ல மொத்தமா ஏத்திடுவேன். மெஷினே ஒவ்வொருத்தர் பேரையும் எடுத்துப் போட்டு அனுப்பிடும். பதில் போட்டவங்களை விட்டுட்டு, போடாதவங்களுக்கு மட்டும் மூணாம் நாள் அதே நேரத்துக்கு இன்னொண்ணு தானாப் போகும். பதில் போடாதவங்களைத்தான் விடவே கூடாதாம்."

"அனுப்பு தாயி," என்றார் பட்டன், போனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு. வாயில் நூல் இருந்தது. அதைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த பட்டனை எடுத்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கு அதெல்லாம் பட்டப்பேர் என்பதே மறந்துபோயிருந்தது. விக்கு வாத்தியார் என்றால் அவருக்கு விக்கு வாத்தியார்தான்.

மகளாவது பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பார்த்தாள். அனுப்புவதற்கு முன் அந்த மெஷின் ஒரே ஒரு செய்தியைத்தான் மாதிரிக்குக் காட்டுமாம், பட்டியலில் முதலாவதாக இருப்பதை. 'அன்புள்ள அக்கவுண்டன்ட் அம்மா' என்று வந்தது. மரியாதையாகத்தான் இருக்கிறது என்று அழுத்திவிட்டாள்.

நான் கோபமாக அங்கே போய் நின்றபோது அந்தப் பெண் முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"மாமா, இருபது நிமிஷத்துல அறுபத்தெட்டு பதில். நூத்துக்கு ரெண்டு பேர் போட்டாலே நல்லதுன்னு சார் சொன்னாரு."

"என்ன போட்டிருக்காங்கன்னு படிச்சியா?"

"இன்னும் இல்ல. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

என் போனை அவள் முன்னால் நீட்டினேன். படித்தாள். பிறகு அவள் போனைத் திறந்து மேலே இருந்த நாலைந்தைப் படித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கீழே எப்படி இறக்குவதென்று தெரியாத மாதிரி.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விக்கு வாத்தியார் ஒரு கையால் தலையைப் பிடித்தபடி வந்தார். காற்று இல்லை. ஆனாலும் பிடித்திருந்தார்.

"பதினோரு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். "பள்ளிக்கூடத்துல போனும் கையுமா இருந்தேன். பக்கத்துல ரெண்டு டீச்சர். நான் ஆத்திரத்துல 'நிறுத்து'ன்னு அனுப்பினேன். உடனே என்ன வந்துச்சு தெரியுமா? 'உங்களை இழப்பதில் வருந்துகிறோம், விக்கு வாத்தியார்'னு வந்துச்சு."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன். மூணு தாடை வந்து மேசையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனாள். அழுமூஞ்சி மாப்பிள்ளை வரவில்லை, அவன் மாமனார் வந்தார். ரெண்டாம் தாரம் என்கிற பெண் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "என் பிள்ளைங்க படிச்சுட்டு முதல் தாரம் யாரும்மான்னு கேக்குதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கத்தினவர்களைவிட அது மோசமாக இருந்தது.

டெய்லரம்மா வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்று எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தெரியாம நடந்துபோச்சு, தெரியாம நடந்துபோச்சு. ஒரு கட்டத்தில் கும்பிட்ட கை அப்படியே நின்றது. மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மேனேஜரம்மாவை என்னன்னு போட்டு வச்சிருக்கே?"

பட்டன் ஊசிக்கு நூல் கோப்பதைப் போலக் குனிந்துகொண்டார்.

"கேக்குறேன்ல. என்னன்னு போட்டிருக்கே?"

மகள்தான் போனில் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அம்மாவிடம் நீட்டினாள். ஒத்தை மார் என்று இருந்தது.

டெய்லரம்மா உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் இல்லை, தரையில், வெட்டுத்துணிக் குவியல்மேல்.

நான்கு வருடம் முன்னால் மேனேஜரம்மா இரண்டு மாதம் லீவு போட்டாள். அக்கா வீட்டுக்குப் போவதாக ஆபீஸில் சொன்னாள். திரும்பி வந்த வாரம் கடைக்கு வந்து கதவைச் சாத்தச் சொன்னாளாம். புற்றுநோய், இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள். வங்கியில் யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். "உன் கைகிட்ட மறைக்க முடியாது, அதனால சொல்றேன். உன் கையோட நிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். டெய்லரம்மா பஞ்சும் கடுகும் வைத்து ஒரு திண்டு தைத்தாள். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் போதாமல் அந்தப் பக்கத் தோள் மேலே தூக்கும். கடுகைப் பிடி பிடியாகப் போட்டும் எடுத்தும், இரண்டு தோளும் ஒரு மட்டத்துக்கு வர ஒரு வாரம் ஆனது. அவள் நோட்டில் எல்லோருக்கும் மார்புக்கு ஒரு எண், மேனேஜரம்மாவுக்கு மட்டும் நடுவிலிருந்து வலது ஒன்று, இடது ஒன்று என்று இரண்டு எண். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளே அந்தத் துணிக்குவியலில் உட்கார்ந்து சொன்னாள்.

"உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்?" என்றாள் புருஷனிடம். "மனசு தாங்காமச் சொன்னேன். சாப்பிடுறப்ப அழுதுக்கிட்டே சொன்னேன். அதைப் போயி பேரா வச்சியே."

"நீ சொன்னதைத்தானே போட்டேன்."

"போடுறதுக்கா சொன்னேன்?"

"எனக்கு அடையாளத்துக்கு ஒண்ணு வேணும்ல. போன் வந்தா யாருன்னு தெரியவேணாமா?" அவர் குரல் இறங்கியது. "கேலிக்குப் போடலடி. மத்தவங்களுக்குப் போட்டது கேலி. இது அப்படி இல்ல."

"படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "மூணு தாடைக்கு நீதான் பேர் வச்சே," என்றார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். டெய்லரம்மா எழுந்து அவர் பட்டன் டப்பாவை ஒரே தட்டாகத் தட்டினாள். எல்லா நிறத்திலும் பட்டன்கள் வாசல்வரை ஓடின. யாரும் பொறுக்கவில்லை.

நான்தான் அவளை ஸ்கூட்டரில் வங்கிக்குக் கூட்டிப் போனேன். உதவி என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன நடக்கிறது பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஓசிப் பேப்பர் என் தொண்டையில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

மேனேஜரம்மா அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே பேசினால் வெளியே இருக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எங்களைப் பார்த்ததும் அவளே எழுந்து, பின்பக்கம் ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடத்துக்கு வந்தாள். உயரமான பெண், நேரான தோள். நான் வண்டிகள் நிற்கும் பக்கம் ஒதுங்கினேன். பேசுவது கேட்கிற தூரம்தான்.

"மேடம்," என்று காலைத் தொடக் குனிந்தாள் டெய்லரம்மா.

"நிமிரு. மாடியிலேர்ந்து பாக்குறாங்க."

"தெரியாம நடந்துபோச்சு மேடம். புள்ளைக்குத் தெரியாது. மெஷின் பண்ணினது."

"மெஷினுக்கு யாரு சொன்னது?"

டெய்லரம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் எங்க அக்காகிட்டகூட ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன்," என்றாள் மேனேஜரம்மா. குரலில் கோபமே இல்லை, வங்கிப் பாரம் ஒன்றைப் படித்துக் காட்டுவது போல இருந்தது. "உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். உன் பொண்ணுக்குத் தெரியும். அங்க நிக்கிறாரே, அவருக்கும் தெரியும் போல."

நான் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டேன்.

"மெசேஜை நான் மட்டும்தான் பாத்தேன். அழிச்சிட்டேன். இங்க யாருக்கும் தெரியாது. அதனால பேசாம விட்டுடுவோம்."

"உங்க மனசு யாருக்கு வரும் மேடம்."

"மனசெல்லாம் இல்ல. வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம் அளவு எடுக்கணும். உன்னை நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. என்னால பதில் சொல்ல முடியாது. அதனாலதான் நீ வரே. வந்து எல்லாருக்கும் எடு. எனக்கு எடுக்க வேண்டாம். இனிமே என்னைத் தொடாதே."

வரும் வழியில் டெய்லரம்மா என் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்தாள். ஆனால் கடை தப்பித்தது என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது. இறங்கும்போது, "வெள்ளிக்கிழமைக்கு அளவு எழுதுற பாரம் நாப்பத்தாறு காப்பி எடுத்து வைங்க," என்றாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மகள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, உங்கள் பேர் என்ன என்று கேட்டு, பட்டப்பேரை அழித்து நிஜப் பேரை ஏற்றினாள். பாதிப்பேர் திட்டினார்கள். ஒருவன் அவளுக்கே ஒரு பட்டப்பேர் வைத்தான், அதை இங்கே எழுத முடியாது. என் பேரையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். எழுத்தைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். மேனேஜரம்மாவைக் கூப்பிட மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவள் எண்ணுக்கு நேராக 'மேடம்' என்று போட்டுவைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. பட்டியலைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னாள், நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பட்டப்பேர்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதல் தடவையாக ஒரு டீ குடித்தாள்.

பட்டன் அந்த இரண்டு நாளும் கீழே சிதறிய பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரோடு யாரும் பேசவில்லை. நானும் பேப்பர் படிக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பேப்பரை என் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார். நான் எடுக்கவில்லை.

வங்கி மாடியில் பெரிய கூட்ட அறை. ஒரு மூலையில் மறைப்புத் தட்டி வைத்து, அதற்குள் டெய்லரம்மா அளவெடுத்தாள். மகள் வெளியே மேசை போட்டு, தட்டிக்குள்ளிருந்து வரும் எண்களைப் பாரத்தில் எழுதினாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். அடித்துத் திருத்தியதில் பாரம் பத்து குறைகிறது என்று கடைசி நேரத்தில் எனக்குப் போன் வந்ததால் நான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகில் நின்றேன்.

காலர் எந்த மாதிரி வேண்டும் என்று பெண்களுக்குள் ஒரே பேச்சு. மகள் முந்தின வாரமே தன் போனிலிருந்து மாதிரிப் படங்களை மேனேஜரம்மா போனுக்கு அனுப்பியிருந்தாள். மேனேஜரம்மா அந்தப் போனை வயர் மாட்டிச் சுவரில் பெரிதாகத் தெரியும்படி வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். சாம்பல் நிறம், நீலம், கூர் காலர், வட்டக் காலர். அன்றைக்கு அவள் கோட்டு கருநீலம். இரண்டு தோளும் ஒரே மட்டம். டெய்லரம்மா தைத்ததுதான்.

"வட்டக் காலர் சின்னப் புள்ளைங்க மாதிரி இருக்கு மேடம்," என்றாள் ஒரு பெண்.

"அப்ப நீ கூர் காலர் போட்டுப் பெரிய மனுசி ஆயிடு," என்றாள் மேனேஜரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

என் சட்டைப்பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன்.

"அன்புள்ள ஓசிப் பேப்பர், பதிலே இல்லையே. எங்களை மறந்துவிட்டீர்களா?"

மணி பதினொன்று ஏழு.

எனக்குப் புரிவதற்குள் தலை தானாக நிமிர்ந்து சுவரைப் பார்த்துவிட்டது. சாம்பல் நிறக் காலருக்கு மேலே, ஆள் உயரத்துக்கு அகலமாக, வெள்ளைக் கட்டத்தில் அது வந்து நின்றது.

"அன்புள்ள ஒத்தை மார், பதிலே இல்லையே. எங்களை மறந்துவிட்டீர்களா?"

கீழே கடையின் பேர், கத்தரிக்கோல், இதயம்.

போனில் பேரை மாற்றினால் போதும் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள். அந்த மெஷின் செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொண்ட பட்டியலைத் தன்னிடமே வைத்திருந்தது. திட்டினவர்களுக்கெல்லாம் பதில் போட்டவர் என்று கணக்கு, அவர்களை அது விட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டு பொறுத்தவர்களைத்தான் தேடி வந்தது.

ஐந்து விநாடி இருந்திருக்கும். பிறகு அந்தக் கட்டம் மறைந்து காலர் திரும்ப வந்தது. முதலில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அடுத்து மேனேஜரம்மா முகத்தைப் பார்த்தார்கள். அதன்பிறகு ஒருவர்பின் ஒருவராக அவர்கள் கண் கீழே இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை, யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. நானும் பார்த்தேன். நான்கு வருடம் முன்னால் அவள் இரண்டு மாதம் லீவு போட்டது அத்தனை பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தட்டிக்குள்ளே இருந்த டெய்லரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "தோள் பதினாலரை," என்று எண் சொன்னாள். யாரும் எழுதவில்லை. "எழுதினியாடி?" என்று தலையை நீட்டினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். வரிசை எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். டேப் கழுத்திலிருந்து நழுவி விழுந்தது.

மேனேஜரம்மா வயரைப் பிடுங்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் மடித்துப் போட்டாள். நடந்து வந்து தட்டிக்கு வெளியே, எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"எனக்கும் எடு," என்றாள்.

"மேடம்..."

"எல்லாருக்கும் எடுக்குறேல்ல. எனக்கும் எடு. இங்கேயே."

டெய்லரம்மா டேப்பை எடுக்கக் குனிந்தாள். கைக்கு அகப்படவில்லை.

"டேப் எதுக்கு? உனக்கு மனப்பாடம்தானே. சொல்லு. தோள்?"

"பதினஞ்சே கால்."

"மார்பு? மத்தவங்களுக்கு ஒரு நம்பர், எனக்கு ரெண்டு. ரெண்டையும் சொல்லு. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கணும். இத்தனை வருஷமா நீ கஷ்டப்பட்டுத் தச்சது அவங்களுக்கும் தெரியட்டும்."

"வேண்டாம் மேடம். என்னைச் செருப்பால அடிங்க. இது வேண்டாம்."

"சொல்லு."

டெய்லரம்மா சொன்னாள். நடுவிலிருந்து வலது பத்தரை. இடது, திண்டு இல்லாமல், எட்டு. இரண்டாவது எண்ணைச் சொல்லும்போது குரல் வரவில்லை. மேனேஜரம்மா காதில் கையை வைத்து, "கேக்கல," என்றாள். திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

வரிசையில் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். மேனேஜரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"எழுதிட்டியா?" என்று மகளிடம் கேட்டாள்.

"எழுதிட்டேன் மேடம்."

"பேர் போடலியே."

அளவுகளுக்கு மேலே பேர் என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள். டெய்லரம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். நான் என் மண்டையைக் குடைந்து பார்த்தேன். வருடா வருடம் பார்க்கிற பெண். எனக்கும் தெரியவில்லை. அவள் அறைக் கதவில்கூட மேலாளர் என்றுதான் போட்டிருந்தது.

"எத்தனை வருஷமா எனக்குத் தைக்கிறே?"

"பத்தொன்பது வருஷம் மேடம்."

"என் பேர் தெரியாதா?"

"மேடம்னே கூப்பிட்டுப் பழகிட்டேன் மேடம்," என்றாள் டெய்லரம்மா.

"பரவாயில்ல. உங்க வீட்டுல வச்ச பேரையே போடு."

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மேனேஜரம்மா அதை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் திரும்ப வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

"எழுதும்மா. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள். பாரம் நான் பிரதி எடுத்துக் கொடுத்தது, கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. கண்ணீர் விழுந்து மை கலைந்தது. மேனேஜரம்மா குனிந்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். முடிந்ததும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னாள்.